இருபத்தெட்டு ரூபாய்த் தக்காளியும் இருபத்தோராம் நூற்றாண்டும்

உலகத்தார் அனைவரும் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் வருடம், கார்த்திகை பதினொன்று, சனிக்கிழமை, ராகுகாலம் கழிந்து காலை பத்தே முக்கால் மணிக்கு, தொட்டபுங்கனஹள்ளி காய்கறி உற்பத்தியாளர் சங்கக் கட்டடத்தில் இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தது. மற்ற ஊர்களுக்கு அது பிறக்க இன்னும் பன்னிரண்டு வருடம் பாக்கி இருந்தது. இது யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல, நோட்டீஸிலேயே போட்டிருந்தார்கள். ரோஸ் தாள் நோட்டீஸ். அதில் சங்கத் தலைவர் வெங்கடாசலத்தின் படம் பெரிதாகவும் கம்ப்யூட்டரின் படம் சிறிதாகவும் இருந்தன. கம்ப்யூட்டருக்கு அச்சு பிளாக் கிடைக்காததால், அச்சகத்துக்காரர் ஒரு டெலிவிஷன் பெட்டியின் படத்தைப் போட்டு ஆன்டெனாவை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்.

இந்த நூற்றாண்டைப் பெங்களூரிலிருந்து கம்பி வழியாகக் கூட்டிவந்து சங்கத்து மேஜைமேல் இறக்கிவைக்கும் பொறுப்பு டெலிபோன் மெக்கானிக் கருப்பண்ணனுடையது. நோட்டீஸில் அவன் பெயர் இல்லை. பந்தல் போட்டவர் பெயர் இருந்தது.

மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே, பஸ் நின்றால் இருக்கிற ஊர், நிற்காவிட்டால் இல்லாத ஊர், தொட்டபுங்கனஹள்ளி. ஊரிலும் சுற்றிலும் சேர்த்து நாற்பத்தொரு டெலிபோன்கள். எல்லாம் காதில் வைத்ததும் ஆபரேட்டர் பேசுகிற டெலிபோன்கள். அந்த ஆபரேட்டர் ராஜாமணி. கருப்பண்ணனின் மாமன் மகள், மனைவி. ஓட்டு வீடு ஒன்றின் முன்னறைதான் எக்ஸ்சேஞ்ச், அதில் பிளக் குத்தி லைன் கொடுக்கிற போர்டு. அதன்முன் முக்காலி போட்டு, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலை ஐந்திலிருந்து பகல் இரண்டு வரை அவள் உட்கார்ந்திருப்பாள். அந்த அறையின் பின்சுவரை ஒட்டினாற்போல இவர்கள் வீடு. அடுப்பில் குழம்பு தீய்ந்தால் போர்டுக்கு வாசம் வரும். போர்டில் மணி அடித்தால் அடுப்படிக்குக் கேட்கும்.

விடியும் முன்னே பெங்களூர் மண்டிக்காரர்கள் கூப்பிட்டுப் பாலக்கோட்டு வியாபாரிகளுக்கு விலை சொல்வார்கள். அதில் பாதி ராஜாமணியின் போர்டு வழியாகப் போகும். லைனில் கேட்டதை ஆபரேட்டர் வெளியே சொல்லக் கூடாது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உறுதிமொழி அது. ராஜாமணி பதினான்கு வருடமாக அதை மீறியதில்லை. தக்காளி ஏற்றிப் போகிற விவசாயி ஜன்னலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி ஒரு தரம் செருமுவான். அவள் போர்டிலிருந்து முகத்தைத் திருப்பாமல் இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டி விரல்களை விரிப்பாள், மடக்குவாள். வாய் திறந்தால்தான் குற்றம். விரல் மடக்குவதைப்பற்றி இலாகாவில் விதி ஒன்றும் எழுதவில்லை.

அந்த வருடம் ஆடியில்தான் அப்துல் சுபான் வந்தான். தர்மபுரியில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர்களின் வீட்டுப் பையன், இருபத்தாறு வயது, பெங்களூரில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற கம்பெனியில் என்ஜினியர். சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிஸ்கட் டப்பா அளவில் ஒரு பெட்டியும் கொண்டுவந்திருந்தான். டப்பாவின் பெயர் மோடம். தினமும் பெங்களூர் தக்காளி விலை டெலிபோன் கம்பி வழியாக எழுத்தாக வந்து திரையில் விழும் என்றான்.

“இப்பவும் வருதுங்களே, விலை?” என்றான் கருப்பண்ணன்.

“அது பேச்சாத்தானே வருது, அண்ணே. இது எழுத்தா வரும்.”

“எழுத்து கம்பியில எப்பிடிங்க போவும்?”

சுபான் மோடத்தை மாட்டிப் பெங்களூரைப் பிடிக்கச் சொன்னான். ராஜாமணி சாப்பிடப் போயிருந்த நேரம். கருப்பண்ணனே போர்டில் உட்கார்ந்து லைன் கொடுத்தான். கொடுத்துவிட்டு, கம்பம் ஏறுகிறவன் இடுப்பில் தொங்குகிற டெஸ்ட் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

முதலில் ஒரு நீளமான விசில். அந்தப் பக்கத்திலிருந்து அதைவிடக் கொஞ்சம் தடித்த இன்னொரு விசில். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு சற்று நேரம் அலைந்தன. பிறகு ஒன்றுக்குள் ஒன்று கலந்து, சங்கத்துக் கொட்டகைத் தகரத்தில் ஐப்பசி மழை பெய்கிற இரைச்சலாக மாறி நிலைத்தன. உலகத்தில் எந்த மெக்கானிக்கும் இந்த இரைச்சலைக் கேட்டால் லைன் கெட்டுப்போயிற்று என்று புகார்ப் புத்தகத்தில் எழுதுவான். கருப்பண்ணனும் இருபது வருடமாக அதைத்தான் செய்தவன். அன்றைக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“என்ன பேசிக்குதுங்க?”

“நான் இருக்கறேன், நீ இருக்கறியான்னு ஒண்ணு கேக்குது. இருக்கறேன்னு இன்னொண்ணு சொல்லுது.”

“அப்பறம்?”

“அவ்வளவுதான் அண்ணே. விலை வர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருக்கும்.”

கருப்பண்ணன் கவிழ்ந்தது அங்கேதான். நாற்பத்திரண்டு வயதில், மத்திய சர்க்கார் நிரந்தர வேலையில், பென்ஷனுக்குப் பதினாறு வருடம் மட்டுமே இருந்த நிலையில், இருக்கறேன் இருக்கறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு பெட்டிகளின்மேல் அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் நடந்தது தரையில் அல்ல. பாலக்கோடு வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர், நூற்று அறுபத்திரண்டு கம்பங்கள். விடிகாலையில் தக்காளிக் கொல்லைகளில் பனி தரையோடு படுத்துக் கிடக்கும். குச்சி நட்டுக் கட்டிய செடிகளின் நுனி மட்டும் தெரியும். பழம் பறிக்கிற பெண்கள் இடுப்பு வரை பனிக்குள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சுதான் வரும், ஆள் தெரியாது. கருப்பண்ணன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒவ்வொரு கம்பத்திலும் காதை வைப்பான். உள்ளே ங்ங்ங் என்று ஓடிக்கொண்டே இருக்கும். காற்று கம்பியை மீட்டுகிற சத்தம் அது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழுத்துகள் வரிசையாக எறும்பு மாதிரி செம்புக் கம்பிக்குள் போகின்றன என்று நினைத்துக்கொள்வான். ஒரு முறை தொண்ணூற்று மூன்றாம் கம்பத்தில் காதை வைத்தபடியே கால் மணி நேரம் நின்றுவிட்டான். தக்காளிப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த விவசாயி மாது அதைப் பார்த்துவிட்டான்.

“என்னுங்க மெக்கானிக்கு, கம்பத்துக்குக் காய்ச்சலா?”

“லைன் பாக்கறன்டா.”

“காதுலியா பாப்பாங்க? எங்க வூட்டுப் பசுவு கன்னு போடறப்ப அப்பிடித்தான் வவுத்துல காத வெச்சிப் பாத்தன். அதாவது பரவால்ல, ஒதைச்சுது.”

“இந்தக் கம்பி வழியாத்தான் உன் தக்காளி வெல எழுத்தா வரப்போவுது. தெரிஞ்சுக்க.”

“எழுத்தா வந்தா என்னாத்துக்கு ஆவுதுங்க? எனக்குப் படிக்கத் தெரியாதே. ராஜாமணியம்மா வெரலு எனக்குப் போதும்.”

முன்னேற்றத்தின் முதல் எதிரி இப்படிச் சொல்லிவிட்டுப் பெடலை மிதித்துக்கொண்டு பனிக்குள் போய் மறைந்தான்.

இரண்டு மாதத்தில் கருப்பண்ணன் அந்தக் கம்பி முழுவதையும் துடைத்து வைத்தான். உடைந்த பீங்கான் குமிழ்களை மாற்றினான். பச்சை பூத்த கம்பி முறுக்குகளைச் சுரண்டிப் புதிதாக முறுக்கினான். கம்பியில் உரசிய புளியங்கிளைகளை வெட்டினான். கம்பம் சாயாமல் பிடிக்கிற இழுப்புக்கம்பியில் எருமையைக் கட்டியிருந்த வீடுகளில் வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினான். இலாகா அவனிடம் இருபது வருடத்தில் இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

ஐப்பசிக் கடைசியில் சுபான் கேட்டான். “அண்ணே, எங்க கம்பெனில நெட்வொர்க் வேலைக்கு ஆளு எடுக்கறாங்க. மூணு மாசம் பயிற்சி, அப்பறம் வேலை. ஒங்க மாதிரி காது இருக்கற ஆளு அங்க ஒருத்தரும் இல்ல. வர்றீங்களா?”

“நெட்வொர்க்குன்னா?”

“ஊர்ல இருக்கற கம்ப்யூட்டரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டறது.”

“கட்டினா?”

“எல்லாம் ஒண்ணாப் பேசிக்கும்.”

அதைக் கருப்பண்ணன் வீட்டில் சொன்ன அன்று களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். ராஜாமணி களியை உருட்டி அவன் தட்டில் வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

“எத்தினி வருச வேல மாமா இது?”

“இருவது.”

“லீவு உண்டா? மழைக்கோட்டு உண்டா? செத்தாக்கூட எனக்குப் பாதி பென்சன் உண்டா?”

“உண்டு.”

“அந்தக் கம்பெனில செத்தா?”

“நான் சாவறதுக்கா போறேன்?”

“எங்கப்பன் பொண்ணு குடுத்தது கருப்பண்ணனுக்குன்னா நெனைச்சிக்கிட்டு இருக்கற? டெலிபோன் ஆபீசுக்குத்தான் குடுத்துச்சு. நீ அந்த ஆபீச வுட்டுட்டா நான் யாரு கூடக் குடித்தனம் பண்றது?”

“நீ அத ஒரு தரம் கேட்டுப் பாரு ராஜாமணி. ரெண்டும் பேசிக்கறத.”

“நானு காலைல அஞ்சு மணில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். மனுசங்க பேசறதையே கேக்க முடியல. பொட்டி பேசறது வேறயா?”

கருப்பண்ணன் களியைக் குழம்பில் தோய்த்து முழுங்கினான். ராஜினாமா என்று வாயால் சொல்லவில்லை. சுபானிடம் இங்கிலீஷில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். தொடக்க விழா நல்லபடியாக நடந்தால், விழாவுக்கு வருகிற பாலக்கோட்டு ஜூனியர் என்ஜினியரிடம் அங்கேயே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். லைன் அறுபடாமல் நின்றால் தானும் பெங்களூரில் நிற்கலாம். லைன் விழுந்தால் களியைத் தின்றுவிட்டுக் கம்பத்தில் ஏறிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அவன் தூங்கிய பதினேழு இரவுகளிலும் கனவில் வந்தது ஒரே இடம்தான். கண்ணாடி அறை. நடுவே நாற்காலி. சுற்றிலும் கம்ப்யூட்டர்கள் தாழ்ந்த குரலில் இருக்கறேன் இருக்கறேன் என்கின்றன. அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். குளிர்ச்சியாக இருக்கிறது.

விழா நாள் காலை ராஜாமணி வேலைக்குக் கிளம்பும்போது அவன் சொன்னான்: “பத்தே முக்காலுக்கு சங்கத்துல இருந்து பெங்களூருக்கு ஒரு டிரங்க் கால் கேப்பாங்க. லைன் குடுத்துடு. சத்தம் கித்தம் கேட்டா பயந்துக்காத. அது அப்பிடித்தான்.”

“குடுக்கறேன். என் வேல அதுதான?”

அவ்வளவுதான் பேச்சு.

சங்கத்து வாசலில் இருநூறு பேர். வந்தவர்களுக்கு வடையும் காபியும் என்று நோட்டீஸில் அடிக்குறிப்பு இருந்தது. கம்ப்யூட்டருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை திரையை மறைத்ததால் சுபான் அதைப் பக்கவாட்டில் ஒதுக்கினான். தலைவர் அது தனக்குப் போட வேண்டிய மாலை என்று நினைத்துக் குனிந்துவிட்டு நிமிர்ந்தார். ஜூனியர் என்ஜினியர் முதல் வரிசையில் வடைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். கருப்பண்ணன் மோடத்துக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, டெஸ்ட் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, கேக்கறதோட சரி. லைன்ல வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசிடக் கூடாது. பேசினா எல்லாம் கெட்டுடும்,” என்றான் சுபான்.

“எனக்குத் தெரியாதா?”

பெங்களூர் கிடைத்தது. விசில், எதிர்விசில், பிறகு மழை. கருப்பண்ணன் கண் மூடினான். அவ்வளவு சுத்தமான மழையை அவன் அதுவரை கேட்டதில்லை. நூற்று அறுபத்திரண்டு கம்பங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன.

“தலைவரே, பட்டனை அமுக்குங்க. அங்க ஆளு ரெடியா இருக்காங்க,” என்றான் சுபான்.

“இருங்க தம்பி. நாலு வார்த்த பேசிட்டு அமுக்கறேன்,” என்றார் வெங்கடாசலம்.

நாலு வார்த்தை என்பது தர்மபுரி ஜில்லா மேடைகளில் ஓர் அளவு அல்ல. அவர் மைக்கைத் தட்டி, ஊதி, பெரியோர்களே தாய்மார்களே என்று தொடங்கினார். கற்காலத்தில் மனிதன் கல்லால் அடித்துத் தின்றான் என்றார். பிறகு இரும்பைக் கண்டுபிடித்தான். பிறகு தக்காளியைக் கண்டுபிடித்தான். சுபான் இரண்டு முறை “சார், டிரங்க் கால் ஓடுது” என்றான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். இருபத்தோராம் நூற்றாண்டை நாடு முழுவதும் வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கையில், அது பின்வாசல் வழியாக நம் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று முடித்து, விரலை உயர்த்தி, மூன்று பக்கமும் காட்டிவிட்டு, பட்டனை அமுக்கினார்.

திரையில் பச்சை எழுத்து ஒன்று விழுந்தது. பெங்களூர் முனையில் யாரோ ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்து எழுத்தாக வந்தது. தலைவர் மைக்கில் வாசித்தார். “தக்காளி!” கைதட்டல். “ஒரு பெட்டி!” கைதட்டல். “ரூபாய்...” எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். “இரண்டு...”

அந்த நேரம் பார்த்து மழைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“மூணு நிமிசம் ஆயிடுச்சுங்க. இன்னும் பேசறீங்களா?”

கருப்பண்ணன் கண்ணைத் திறந்தான். கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலக்கோட்டிலிருந்து அவன் சும்மாவாவது லைனை டெஸ்ட் செய்து டெஸ்ட் செய்து கேட்ட குரல். இப்போது இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, அத்தனை இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள் விழுந்த நிலா மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. திரையில் அடைப்புக்குறிகளும் அலைக்கோடுகளும் கேள்விக்குறிகளும் கொட்டின.

“ஹலோ. மூணு நிமிசம் ஆயிடுச்சுங்க. பேசறீங்களா?”

பேசறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கருப்பண்ணன் வாயைத் திறந்தான். சுபான் சொன்னது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

“பதிலே காணோமே,” என்றது குரல், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. “லைன் கெட்டுக் கெடக்குது, பாவம்.” டொக். பிளக்கை உருவிவிட்டாள்.

மழை நின்றது.

அவன் பீங்கானை மாற்றியிருந்தான், முறுக்கை மாற்றியிருந்தான், எருமைகளை அவிழ்த்திருந்தான். சோதனை ஓட்டங்களையெல்லாம் அவள் சாப்பிடப் போன நேரத்தில், தானே போர்டில் உட்கார்ந்து பார்த்திருந்தான். டிரங்க் காலில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம், காசு ஏறும்போது, ஆபரேட்டர் லைனுக்குள் வந்து கேட்பாள் என்பது ஊரில் டெலிபோன் தொட்ட எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக்குக்கு மட்டும் அது கம்பியில் இல்லாத விஷயமாகப் போய்விட்டது.

தலைவருக்கு இதொன்றும் தெரியாது. திரையில் நிறைந்த அடைப்புக்குறிகளைப் பார்த்து, “இது கம்ப்யூட்டரின் கையொப்பம்!” என்று மைக்கில் அறிவித்தார்.

“கையெழுத்து கெடக்கட்டும். பொட்டி ரெண்டு ரூவாயா?” என்றான் மாது, கூட்டத்துக்கு நடுவிலிருந்து.

“விஞ்ஞானம் பொய் சொல்லாது.”

“யோவ் தலைவரே, பறிச்ச கூலிக்கே ஆவாதேய்யா! நேத்து இருவத்தஞ்சுக்குப் போச்சு. ஒரு ராத்திரில ரெண்டு ரூவாயா?”

“நோட்டீஸு அடிச்சு வடை போட்டு வெலையக் கொறைக்கறீங்களா?” என்று இன்னொருவர் எழுந்தார். “எந்த மண்டிக்காரன் குடுத்த பணம்யா இது?”

அதன்பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டு பழுத்த தக்காளிகள் மேடையை நோக்கிப் பறந்தன. ஒன்று தலைவரின் படத்தில் விழுந்தது, இன்னொன்று தலைவர்மேலேயே. ஜூனியர் என்ஜினியர் வடைத் தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெளியேறினார். கருப்பண்ணன் சட்டைப்பையில் கை வைத்தபடி அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாது சைக்கிளை எடுத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று செருமி, ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தான். தூரத்திலிருந்தே கத்தினான்.

“இருவத்தெட்டு! அம்மா காட்டிட்டாங்க! இருவத்தெட்டு!”

கூட்டம் பெருமூச்சு விட்டுக் காபியின் பக்கம் திரும்பியது. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்ல வந்தது. முதல் பாதியைச் சொல்லிவிட்டது,” என்றார்.

சுபான் மட்டும் மோடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். “லைனக் கொற சொல்லாதீங்கண்ணே. அக்கா பேசினது ஒரு மூச்சு விடாம ஸ்கிரீன்ல வந்திருக்குது பாருங்க. எவ்வளவு சுத்தமான கம்பி!”

“நான் தேற மாட்டேன் தம்பி.”

“யாரு சொன்னது? எங்க கம்பெனில இத்தினி பேரு உக்காந்து பிளான் போட்டோம். நடுவுல ஒரு ஆபரேட்டர் இருக்காங்கன்னு ஒருத்தனுக்கும் தோணல. நானுந்தான் மறந்தேன். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. எடம் இருக்குது.”

சாயங்காலம் தூறல் போட்டது. ராஜாமணி அடுப்படியில் தக்காளியை வதக்கிக்கொண்டிருந்தாள். கருப்பண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நடந்தது அவளுக்குப் பகல் இரண்டு மணிக்குள் எட்டுப் பேர் வழியாக எட்டு விதமாக வந்து சேர்ந்திருந்தது.

“மாமா. நான் கேட்டப்ப நீ லைன்ல இருந்தியா?”

“இருந்தேன்.”

“எங்கொரலு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அப்பறம் ஏன் பேசல?”

“பேசினா கெட்டுப்போவும்னாங்க.”

கரண்டி வாணலியில் நின்றது.

“நான் கூப்புட்டு நீ ஒரு வார்த்த பதில் சொன்னா கெட்டுப்போவற வேலையா அது?”

கருப்பண்ணன் தரையில் கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினான். ஓட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“நூத்தி அறுவத்திரெண்டு கம்பத்தையும் எண்ணின இல்ல? இந்த மொனைல ஒருத்தி குந்திக்கிட்டு இருக்கறாளே, அவள ஏன் எண்ணல?”

“நீ கம்பியில இல்லன்னு நெனச்சிட்டேன்.”

“நல்லா நெனச்ச போ.” அவள் மறுபடி கிளறினாள். தக்காளியும் பூண்டும் சேர்ந்து மணந்தன. முகத்தைத் திருப்பாமலே, “புடுங்கறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நானும் கேட்டேன்,” என்றாள்.

“என்ன கேட்ட?”

“அதான், அந்த எரைச்சலு. விதிப்படி ரெண்டு தரம் கேட்டுட்டு உடனே புடுங்கணும். நான் ஒடனே புடுங்கல. ஏரி நெறைஞ்ச அன்னிக்குத் தவளைங்க கத்துமே, அந்த மாதிரி இருந்துச்சு. கணக்கில்லாத தவளைங்க. கேக்கக் கேக்கக் கண்ணச் சொருவுது.”

“இருக்கறேன், இருக்கறேன்னு சொல்லிக்குதுங்களாம்.”

“யாரு சொன்னா?”

“சுபான் தம்பி.”

“அது சரி. அந்த ரெண்டு பொட்டிக்கு இருக்கற புத்தி ஒனக்கு இல்ல.” வாணலியை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். “எடு.”

“எதை?”

“பையில வெச்சிருக்கற கடுதாசிய. பதினேழு நாளா உன் சட்டைய யாரு தொவைக்கறது?”

அவன் எடுத்துக் கொடுத்தான். மடிப்பெல்லாம் நைந்து நான்காகக் கிழியத் தயாராக இருந்தது. அவள் அதை அடுப்பில் போட்டாள். கருப்பண்ணன் நெருப்பையே பார்த்தான். எரிகிற இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி அறை, நாற்காலி, குளிர்ச்சி எல்லாம் கறுத்துச் சுருண்டு மேலே போயிற்று.

“என்னாத்துக்கு மூஞ்சிய அப்பிடி வெச்சிருக்கற? வேற தாள் எடு. எழுது.”

“என்ன எழுதறது?”

“மூணு மாசம் லீவு. ஒடம்பு சரியில்லன்னு.”

“எனக்கு என்ன ஒடம்புக்கு?”

“மஞ்சக்காமாலைன்னு போடு. அதுக்குத்தான் மூணு மாசம் குடுப்பாங்க. எங்க சித்தப்பா வாங்கினாரு.”

“பொய்யா எழுதச் சொல்ற.”

“ரெண்டு ரூவான்னு மைக்குல சொன்னாங்களே, அதைவிடவா? எழுது மாமா. மூணு மாசம் போயிப் பாரு. அந்த வேல நெலைச்சு நின்னா அப்பறம் இந்த வேலைய வுடலாம். நிக்கலன்னா மஞ்சக்காமால வாசியாயிடுச்சுன்னு வந்து கம்பத்துல ஏறிக்க.” பேனாவை அவன் கையில் திணித்து, “அங்க போயாவது ஒழுங்கா எண்ணக் கத்துக்க. யாரு யாரு லைன்ல இருக்கறாங்கன்னு,” என்றாள்.

கருப்பண்ணன் எழுதினான். நான்காவது வரியில் அவனுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்றான். வெங்காயம் அரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை மாரண்டஹள்ளி போய் ஓசூர் பஸ்ஸில் ஏறினான். தூக்குவாளியில் களி, தக்காளித் தொக்கு. மடியில் புதுச் செருப்பு, பெங்களூரில் இறங்கியதும் போட்டுக்கொள்ள. ஜன்னலுக்கு வெளியே பனி. கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து எழுந்து வந்து, அவனைப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின. கம்பிகள் ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கூடவே வந்தன. ராயக்கோட்டை தாண்டியதும் தலை தானாகச் சாய்ந்தது. கம்பி எங்கேயும் அறுந்திருக்கவில்லை. தொட்டபுங்கனஹள்ளியில் அவள் முக்காலியில் தொடங்கி, மலைகளைச் சுற்றி, ஏரிகளின் மேல் தாழ்ந்து, ஏதோ ஒரு கண்ணாடி அறையில் போய் முடிகிறது. அங்கே அவனுக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அவன் உட்காரப் போகிறான். உலகத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளும் அவன் காதில் மெதுவாக, மெதுவாகப் பேசப்போகின்றன.

பெங்களூரில் முதல் இரண்டு மாதம் அவனுக்குக் கொடுத்த வேலை, கம்ப்யூட்டர்களை இணைக்கிற கம்பியைப் புதைக்கப் பள்ளம் தோண்டுவது.